பக்கத்து ஊர்ப் புத்தகம்

திருச்சியிலிருந்து ஓர் இளம் வாசகர் கேட்டிருக்கிறார்: "ஈழத்து இலக்கியம் என்று தேடினால் யாழ்ப்பாணத்து நூல்களே எனக்குக் கிடைக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து எழுத்தை எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் அண்மையில் என்ன வாசித்தீர்கள்? ஒரு வரிசை போட்டுத் தர முடியுமா?"

தம்பி, வரிசை தருகிறேன். ஆனால் ஆண்டு வரிசையிலோ புகழ் வரிசையிலோ வாசித்தால் எங்கள் பக்கத்து எழுத்து பிடி கொடுக்காது. நான் தருவது பஸ் வரிசை.

மட்டக்களப்பு நகரில் கல்முனை பஸ்ஸில் ஏறினால் அது கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே போகும். இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி, நடுவே ஊர்கள். காத்தான்குடி முஸ்லிம் ஊர். அது முடியும் இடத்திலேயே ஆரையம்பதி தொடங்கிவிடும். அது தமிழ் ஊர். பிறகு குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தமிழ் ஊர்கள். பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் பிறக்கும். அதன் பின் ஊர்கள் மாறி மாறி வரும். மருதமுனையில் முஸ்லிம்கள், பாண்டிருப்பில் தமிழர், கல்முனையில் இருவரும், சாய்ந்தமருதில் முஸ்லிம்கள், காரைதீவில் தமிழர், நிந்தவூரில் முஸ்லிம்கள். அக்கரைப்பற்று வரை இப்படித்தான். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் பக்கத்தில் சொல்வது இந்த இருப்பைத்தான். பிட்டுக் குழலில் ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, மறுபடியும் ஒரு பிடி மா.

ஆகவே வாசிப்புக்கும் அதே முறையைச் சொல்கிறேன். ஒரு தமிழ் ஊரின் நூலை முடித்தால் அடுத்து ஒரு முஸ்லிம் ஊரின் நூலை எடுங்கள். ஒரே பக்கத்து நூல்களை அடுக்கடுக்காக வாசிக்காதீர்கள். 31 ஆண்டுகள் தமிழ் படிப்பித்தேன். அதில் பாதிக்கு மேல் இந்த வீதியில் பஸ்ஸில் போய் வந்துதான். இந்த முறையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு புத்தகமும் ஒரு மனிதரும் எனக்குக் கற்றுத் தந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் செட்டிபாளையத்தில் பிறந்தவள். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் கதவு திறந்தால், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டைப் பாடிக் கதவு அடைக்கும் வரை இரவில் 'கண்ணகி வழக்குரை' படிப்பார்கள். புத்தகம் என்ற ஒன்றைக் கண்ணால் அறியும் முன்பே காதால் அறிந்துகொண்டது அங்கேதான். ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்த கொப்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அம்மப்பா படிப்பார். கொப்பியைப் பார்க்கவே மாட்டார். பார்வை அம்மன் பக்கமே இருக்கும். விரல் மட்டும் வரிமேல் ஊர்ந்துகொண்டு போகும். பக்கம் முடியும்போது சரியாக அந்தச் சொல்லில் தாளைப் புரட்டுவார். பாட்டு அவருடைய நாக்கில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா என்று நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடலோட்டு காதையில் கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கப்பலோட்டுவான். வெடியரசனோடு போர் மூளும். அந்த இடம் வந்தால் சிறுவர்கள் ஒருவரும் தூங்கமாட்டோம். பிற்பாடு பாடசாலையில் சிலப்பதிகாரம் படித்தபோது அந்தக் கடற்போரைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. ஆசிரியையிடம் போய், இந்தப் புத்தகத்தில் பக்கங்கள் விடுபட்டுப் போயிருக்கின்றன என்று முறையிட்டேன். வழக்குரை எங்கள் மண்ணில் தனியே வளர்ந்த காவியம் என்பதும், பண்டிதர் வி.சீ. கந்தையா அதை 1968இல் பதிப்பித்தார் என்பதும் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. ஊர், கோயில், கூத்து, வேளாண்மை, பேச்சு என்று எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த நூல். முதலில் அதைக் கையில் எடுங்கள். நேராக முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டியதில்லை. கதைகளில் ஒரு வழக்கமோ சடங்கோ புரியாதபோது திறந்து பாருங்கள்.

அடுத்தது காரைதீவு. பஸ் வரிசையில் அது பின்னால் வந்தாலும் எங்கள் எல்லோருடைய வாசிப்பும் தொடங்குவது அங்கேதான். சுவாமி விபுலாநந்தர் அங்கே 1892இல் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் மறைந்தார். காரைதீவிலும் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. அங்கே வைகாசி இரவுகளில் வழக்குரை கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளைதான் பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துவைத்துக்கொண்டு, அழிந்துபோன யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்க முனைந்தது என்று நான் எண்ணிக்கொள்வேன்.

அந்த நூலை நான் முதன்முதலில் எடுத்தது 1986இல். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்ற பெயர்கள் வரை மகிழ்ச்சியாகப் போனேன். பின்னங்கள் தொடங்கியதும் வழி அடைத்துக்கொண்டது. அப்போது கல்முனைப் பக்கத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை கணித ஆசிரியருடையது. மருதமுனைக்காரர். நான் நூலை மூடி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், அதை இஞ்சால் தாருங்கள்" என்று வாங்கினார். இரண்டு நாள் கழித்து ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்தார். இரு முனையிலும் ஆணி அடித்து, நடுவே மெல்லிய கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். கம்பியின் நீளத்தை மூன்றாகப் பிரித்துப் பென்சிலால் குறி போட்டிருந்தார். குரலும் இளியும் பழந்தமிழ் இசையின் முதல், ஐந்தாம் சுரங்கள். முதலில் வெறுமனே மீட்டினார், "இது குரல்." பிறகு மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்கும்படி விரலால் அழுத்தி மீட்டினார், "இது இளி. சுவாமி எழுதியிருக்கிற கணக்கு இதுதான்." பத்து நாள் குழம்பிய பக்கம் ஒரு கம்பியில் தெளிந்துவிட்டது. சுவாமியை எனக்கு வாசித்துக் காட்டியவர் மருதமுனை முஸ்லிம் ஒருவர் என்பதை அன்று நான் பெரிதாக நினைக்கவில்லை. அன்று அது நினைக்க வேண்டிய விடயமாகவே இருக்கவில்லை.

இனி பஸ்ஸில் ஏறுவோம்.

பெரியநீலாவணையில் இறங்கினால் நீலாவணன். 1931இல் பிறந்து 1975இல் மறைந்தவர். 'வழி' என்ற தொகுப்பு 1976இலும், 'வேளாண்மை' என்ற காவியம் 1982இலும் வந்தன; இரண்டையும் அவர் அச்சில் காணவில்லை. இவரை மௌனமாக வாசிக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டாவது வாய்விட்டு வாசியுங்கள். யாப்புக்குள்ளேயே பேச்சு நடக்கும். சீர் முடிகிற இடமும் மனிதன் மூச்சு விடுகிற இடமும் ஒன்றாக வந்து விழும். 'வேளாண்மை'யை வாசிக்கும்போது உங்களுக்குச் சில சொற்கள் புதிதாக இருக்கும். வட்டை என்றால் வயல்வெளி. போடியார் நிலத்துக்கு உரியவர். முல்லைக்காரன் அவருக்காக வயல் வேலையை முன்னின்று நடத்துபவன். களவெட்டியில், அதாவது நெல் அடிக்கும் களத்தில், சூடு மிதித்த நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே நின்றுகொண்டு நெல் என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்தச் சொற்கள் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் பொது, ஏனென்றால் வட்டையில் வரம்புக்கு இந்தப் பக்கம் ஒருவருடையது, அந்தப் பக்கம் மற்றவருடையது. தண்ணீர் இரண்டுக்கும் ஒரே வாய்க்காலில்தான் வரும்.

அடுத்த நிறுத்தம் மருதமுனை. கைத்தறி ஊர். மருதூர்க்கொத்தனின் சிறுகதைகளைத் தேடிப் பிடியுங்கள். பிறகு பாண்டிருப்பு. சண்முகம் சிவலிங்கம் அங்கேதான். 1988இல் வந்த 'நீர்வளையங்கள்' என் பார்வையில் எங்கள் பக்கத்தின் மிகச் சிறந்த கவிதைத் தொகுப்பு. தகுதிக்கு ஏற்ற அளவு வாசிக்கப்படாத கவிஞர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்வேன். உரக்கப் பேசாத கவிதைகள்; ஆனால் கல் விழுந்த இடத்திலிருந்து வளையம் கரை வந்து சேரும் வரை பொறுத்திருக்கத் தெரிந்த கவிதைகள். அவர் 2012இல் மறைந்தார்.

கல்முனை பெரிய சந்தி. எம்.ஏ. நுஃமான், சோலைக்கிளி, உமா வரதராஜன் என்று ஒரே இடத்தில் மூவர். நுஃமான் 1969இல் 'கவிஞன்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1981இல் அவருடைய மொழிபெயர்ப்பில் 'பாலஸ்தீனக் கவிதைகள்' வந்தது. அதே 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 நூல்கள். அதைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் என் நெஞ்சை விட்டு அகலாதது 'புத்தரின் படுகொலை'. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்படுகிறார். நூல்களோடு அவர் உடலும் எரிக்கப்படுகிறது. அதை எழுதியவர் கல்முனையின் நுஃமான். நூலகம் எரிந்தது வடக்கில். சாம்பல் கிழக்கில் ஒரு முஸ்லிம் கவிஞரின் கவிதையில் வந்து விழுந்தது. இந்தச் செய்தி ஒன்றுக்காகவே நீங்கள் யாழ்ப்பாண நூல்களோடு நின்றுவிடக் கூடாது என்பேன்.

உமா வரதராஜனின் 'உள்மன யாத்திரை' 1988இல் வந்தது. ஆனால் முதலில் அவருடைய 'அரசனின் வருகை' என்ற சிறுகதையை வாசியுங்கள். அழிந்த ஊருக்கு அரசன் ஒருவன் வருகிறான். அவ்வளவுதான் கதை. அந்தக் காலத்தில் வெளிப்படையாகச் சொல்ல முடியாததை உருவகத்தில் சொன்ன கதைகள் பல உண்டு. காலம் போனதும் அவற்றில் பெரும்பாலானவை விடை தெரிந்த விடுகதையாகிவிட்டன. இது ஆகவில்லை.

சோலைக்கிளிக்கு வருகிறேன். நான் முன்பு சொன்ன புத்தகமும் மனிதரும் இங்கேதான் வருகிறார்கள்.

1988இல் சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' வெளிவந்தது. காகமும் பூனையும் முற்றத்துச் செடியும் மனிதரைப்போல வந்து நிற்கும் கவிதைகள். நமக்குப் பழகிய பொருள்கள் திடீரென்று பயங்கரமாகிவிடும் கவிதைகள். கணித ஆசிரியர் அதை எனக்கு இரவல் தந்தார். அவருக்கு ஒரு வழக்கம். இரவல் தரும்போது பின்னட்டையின் உட்பக்கத்தில் கூர்மையான பென்சிலால் திகதியைச் சிறிதாக எழுதுவார். திருப்பிக் கொடுத்ததும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு அந்தத் திகதியையும் எழுதுவார். கணிதப் பட்டியல்போல நேராக இருக்கும். என் பெயரை எழுதமாட்டார், திகதி மட்டும்தான். அன்று அவர் எழுதியது 1990.05.28.

ஜூன் 11இல் போர் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு ஓகஸ்டிலும் செப்ரெம்பரிலும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் கொல்லப்பட்ட முஸ்லிம்களையும் தமிழரையும் எங்கள் பக்கத்தில் எவரும் எண்ணிக்கையாக நினைப்பதில்லை, முகமாகத்தான் நினைக்கிறோம். பஸ் வரிசை அறுந்தது. பக்கத்து ஊர் என்பது போகக்கூடாத ஊர் ஆயிற்று. எனக்கு வேறு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்தது. புத்தகம் என்னிடம் தங்கிவிட்டது.

பழைய நூல் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டில் நிலைத்திருப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. அப்பாவின் புத்தகப் பெட்டி இரவு முழுதும் மழையில் கிடந்தது. மறுநாள் அவர் வேலியோடு கொடிக்கயிறு கட்டி, கட்டு விட்ட தாள்களைத் துணி காயப்போடுவதுபோலப் போட்டார். நானும் அம்மாவும் ஒட்டிக்கொண்ட தாள்களைத் தென்னோலை ஈர்க்கால் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஈர்க்கு வேகமாகப் போனால் எழுத்து கிழியும். மெதுவாகப் போனால் தாள் அதற்குள் இறுகிவிடும். மூன்று நாள் பாடுபட்டு பதினேழு நூல்களை மீட்டோம். அந்தப் பழக்கத்தால்தான் இரவல் நூலை என்னால் காக்க முடிந்தது. இரண்டு முறை வீட்டை விட்டு வெளியேறியபோதும் அடையாள அட்டையோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடும் அதே பொலித்தீன் பைக்குள் 'எட்டாவது நரகம்' இருந்தது. என் சொந்த நூல்கள் பல போயின. இது போகவில்லை, ஏனென்றால் இது என்னுடையதல்ல.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. 2003 ஏப்ரலில் நான் மருதமுனையில் இறங்கி, விசாரித்து விசாரித்து, கடற்கரையை அண்டிய அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. சேர் நூலை வாங்கினார்; கணித ஆசிரியரை நான் சேர் என்றுதான் அழைப்பேன். முன் பக்கத்தைத் திறக்கவில்லை, பின்னட்டையைத்தான் திறந்தார். 1990.05.28க்குப் பக்கத்தில் கோடு போட்டு, அன்றைய திகதியை எழுதினார். அதே சிறிய எழுத்து. இலக்கங்கள் மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தன. பிறகு உள்ளே போய் 'பாலஸ்தீனக் கவிதைகள்' நூலைக் கொண்டுவந்து, அதிலும் திகதி எழுதி என்னிடம் தந்தார்.

2004 டிசம்பர் 26, சுனாமி. மருதமுனையின் கடற்கரை வீடுகள் போயின. சேரும் குடும்பத்தாரும் தப்பினார்கள். வீடும் நூல்களும் இல்லை. நான் பதின்மூன்று ஆண்டுகள் காத்துக் கொடுத்த நூல் அவரிடம் இருபது மாதங்கள்தான் இருந்தது. 'பாலஸ்தீனக் கவிதைகள்' என்னிடம் இருந்ததால் அது மட்டும் மிஞ்சியது. திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "அது உங்களிடமே இருக்கட்டும் ரீச்சர். ஒரு வீட்டில் இல்லாவிட்டாலும் மற்ற வீட்டில் இருக்கும்" என்றார்.

அண்மை வாசிப்பு என்று கேட்டீர்கள். இந்த ஆண்டு வாசித்தவை பெரும்பாலும் தொலைபேசியில் வாசித்தவைதான். சேருக்குக் கண் மங்கிவிட்டது, அச்செழுத்து தெரிவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மாலை, அவர் தொழுகை முடித்த பிறகு, நான் அழைத்து ஒரு மணி நேரம் வாய்விட்டு வாசிப்பேன்.

முதலில் எடுத்தது விமல் குழந்தைவேலின் 'கசகறணம்'. 2011இல் வந்த நாவல். அக்கரைப்பற்றுச் சந்தை, அங்கே அருகருகே இருந்து வியாபாரம் செய்யும் தமிழ்ப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், அந்த அருகருகு எப்படி உடைந்தது என்ற கதை. முழுக்க அக்கரைப்பற்றுப் பேச்சு. தமிழ்நாட்டு வாசகர் முப்பது பக்கத்தில் திணறுவார். திணறினாலும் விடாதீர்கள். அகராதி தேடாமல் காதுக்குப் பழக விடுங்கள். மறுகா என்றால் பிறகு, கிறுகுவது என்றால் திரும்புவது, பெத்தா என்றால் பாட்டி. இருபது சொல் பிடிபட்டால் மீதி தானாக வரும்.

என்னை அசைத்தது வேறொன்று. நான் தனியே இந்த நாவலை முன்பு வாசித்தபோது எல்லாப் பாத்திரங்களும் என் குரலிலேயே பேசினார்கள். இப்போது சேருக்கு வாசிக்கும்போது, முஸ்லிம் பெண்களின் பேச்சு வரும் இடங்களில் அவர் இடைமறிப்பார். "அப்படி இல்லை ரீச்சர். அந்தச் சொல்லை இழுக்க வேண்டும். எங்கள் உம்மா இழுப்பதுபோல." சொல்லிக் காட்டுவார். அவர் இழுத்ததும் அந்தப் பெண்ணின் கோபம் கோபமாக இல்லாமல் உரிமையாக மாறிவிடும். ஒரு வரியின் பொருளே திரும்பிவிடும். அதுபோலவே தமிழ்ப் பெத்தா ஒருத்தி ஒப்பாரியாகச் சொல்வதை அவர் சாதாரணப் பேச்சு என்று நினைத்திருந்தார்; நான் பாடிக் காட்டிய பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இருவரும் இந்த நாவலை முன்பே வாசித்தவர்கள். இருவரும் பாதியைத்தான் வாசித்திருக்கிறோம். ஊர் மாற்றி வாசியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து ஆர்.எம். நௌஷாத்தின் 'கொல்வதெழுதுதல் 90', 2013இல் வந்தது. 'சொல்வதெழுதுதல்' பாடசாலையில் எல்லோரும் எழுதியது. ஒரே ஓர் எழுத்தை மாற்றியிருக்கிறார். அதில் 1990 முழுவதும் வந்துவிடுகிறது. முஸ்லிம் கிராமம் ஒன்றுக்குள் கட்சி அரசியலும் ஆயுதமும் நுழையும் விதத்தை அந்த ஊரின் பேச்சிலேயே, அந்த ஊரின் சிரிப்போடு எழுதியிருக்கிறார். தமிழ் ஊர்களில் வளர்ந்த என் போன்றவர்கள் அந்த ஆண்டை எங்கள் பக்கத்திலிருந்து மட்டுமே நினைத்துப் பழகியவர்கள். இந்த நாவலை வாசித்த செவ்வாய்களில் நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. குறையும் சொல்ல வேண்டும்: நாவலின் வேகம் சில இடங்களில் துயரத்தைத் தங்க விடாமல் தள்ளிக்கொண்டு போகிறது. சேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் துயரத்துக்குத் தங்க நேரம் எங்கே இருந்தது என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

நாவல்கள் பாரமாகும் வாரங்களில் சாய்ந்தமருது அனாரிடம் போவோம். அவருடைய 'எனக்குக் கவிதை முகம்' தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமானது. நீங்கள் வாசித்திருக்கவும் கூடும். நாங்கள் எடுத்தது அவர் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் பாடல்கள், 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்'. எங்கள் பக்கத்தில் இவற்றைக் கவி என்போம். வயற்காவலில் பரணில் இருப்பவனும், வாசலில் பாய் பின்னிக்கொண்டிருப்பவளும் சொன்ன நாலு வரிகள். அந்த நூலை மட்டும் நாங்கள் வாசித்து முடிக்கவேயில்லை. நான் ஒரு கவியின் முதல் இரண்டு வரியைச் சொன்னால் மீதியைச் சேரின் துணைவியார் அறைக்குள்ளிருந்து சொல்லிவிடுவார். சில வேளை நூலில் இருப்பதற்கு வேறான முடிவோடு சொல்வார். அவர் சொல்வதை நான் நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன்; இதுவரை பதினொன்று.

இவ்வளவும் கதையும் கவிதையும். அவற்றின் அடியில் இருக்கும் வாழ்க்கையை அறிய, ஆங்கிலம் வாசிப்பீர்களானால், டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளரின் நூல் ஒன்று 2008இல் வந்தது. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்தவர். எங்கள் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பின்பற்றுவதையும், இரு பக்கத்திலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதையும் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் நாவல்களில் பெண்கள் ஏன் தம் வீட்டு வாசலில் நின்று அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள் என்பது அதை வாசித்தால் விளங்கும். அவர்கள் நிற்பது தம் சொந்த வாசலில்.

நூல்கள் எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். 'கசகறணம்', 'கொல்வதெழுதுதல் 90', அனாரின் 'எனக்குக் கவிதை முகம்' ஆகியவை நாகர்கோவில் காலச்சுவடு வெளியீடுகள். திருச்சியில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். பழைய ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள், கட்டணம் இல்லை. திரையில் வாசிப்பது எனக்குப் பிடிப்பதில்லை, ஆனால் கொடிக்கயிற்றில் தாள் காயப்போட்ட வீட்டில் பிறந்தவள் என்பதால் அந்த வேலையைச் செய்பவர்களை மனதாரக் கும்பிடுகிறேன். மட்டக்களப்புக்கு வடக்கே போகும் வீதிக்கும் ஒரு வரிசை உண்டு. வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தில் எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' தொடங்கி இன்னும் பல. அதைத் தனியே எழுதுகிறேன்; ஒரே மூச்சில் இரண்டு பஸ்ஸில் ஏற முடியாது.

அடுத்த செவ்வாய் நௌஷாத்தின் 'நட்டுமை'யைத் தொடங்குகிறோம். 2009இல் வந்தது. என்னிடம் பிரதி இல்லை. சேரின் மகளிடம் ஒன்று இருந்தது. கல்முனை பஸ்ஸில் நேற்று ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். பிரித்துப் பின்னட்டையின் உட்பக்கத்தைப் பார்த்தேன். திகதி எழுதியிருந்தது. இலக்கங்கள் கோணலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வரி தவறி இருந்தன. மகளை எழுதவிடவில்லை, அவரே எழுதியிருக்கிறார்.